உயிர்வேலிக்குக் காவல் உண்டு, வாடகைக்கு இல்லை

அன்புள்ள ஐயா,

வட லண்டனில் வசிக்கிறேன். என் மகள் ஹென்றியெட்டா பார்னெட் பள்ளியில் படிக்கிறாள். அவளை அழைத்துவரப் போகும்போது பள்ளியைச் சுற்றியுள்ள ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் தெருக்களில் நடப்பேன். சரிந்த ஓட்டுக் கூரைகள், உயரமான செங்கல் புகைபோக்கிகள், மதிலே இல்லாத தோட்டங்கள். பழைய ஆங்கிலக் கிராமம் என்றே நினைத்திருந்தேன். நூறு சொச்சம் வயதுதான் என்பதும், தொழிலாளிகளும் செல்வந்தர்களும் சேர்ந்து வாழவே கட்டினார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. இன்று அங்கே ஆகச் சிறிய வீட்டின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. நடுச்சதுக்கத்தில் ஒரு காபி குடிக்கக் கடை கிடையாது. எல்லோருக்குமான ஊர் என்பது தொடக்கத்திலிருந்தே பணக்காரர்களின் பாசாங்குதானா?

வாசகர், லண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

பாசாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊரைத் தொடங்கிய ஹென்றியெட்டா அம்மையாரிடம் பல குறைகள் இருந்தன. பாசாங்கு அவற்றில் ஒன்றல்ல.

ஹென்றியெட்டா பார்னெட் 1851இல் பிறந்தவர். தந்தைவழிக் குடும்பத் தொழில் மக்காசர் கூந்தல் எண்ணெய். அந்த எண்ணெய்க் கறை நாற்காலியில் படியாமலிருக்க விக்டோரிய வீடுகளில் தனியாக ஒரு துணியே விரித்தார்கள் என்றால் வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1873இல் சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரை மணந்து, கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் சேரிப்பகுதிக்குக் குடிபோனார். 1884இல் இருவரும் அங்கே டாயின்பி ஹால் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகளுக்கு நடுவே வந்து தங்கிப் பணி செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. வர்க்கங்கள் அருகருகே வாழ்ந்தால் பகை தணியும் என்ற நம்பிக்கை அப்போதே அவரிடம் இருந்தது. பணக்காரர் பக்கத்தில் வாழ்ந்தால் ஏழை திருந்துவான் என்ற எண்ணமும் அதோடு ஒட்டியிருந்தது. இந்த இரண்டாவதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது.

ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பரந்த திறந்தவெளியின் ஓரத்தில் அவர்களுக்கு ஒரு வார இறுதி வீடு இருந்தது. சார்லஸ் யெர்க்ஸ் என்ற அமெரிக்க முதலாளியின் சுரங்க ரயில் அந்தப் பக்கம் வருகிறது என்ற செய்தி வந்ததும் நிலமெல்லாம் வீட்டுமனையாகிவிடும் என்று அம்மையார் பதறினார். ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தமான வயல்களில் 80 ஏக்கரைப் பொதுவெளியாகக் காப்பாற்ற இயக்கம் நடத்தினார். பிறகு அதையொட்டிய 243 ஏக்கரை வாங்கி, 1907இல் புறநகரைத் தொடங்கினார். ரயில் கோல்டர்ஸ் கிரீனுக்கு வந்ததும் அதே ஆண்டுதான். வழியில் நார்த் எண்டில் ஒரு நிலையம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். மேலே வீடுகள் வரப்போவதில்லை என்றானதும் கைவிட்டார்கள். ஒரு பயணிகூட ஏறியிறங்காத நடைமேடை அங்கே நிலத்தடியில் கிடக்கிறது.

நீங்கள் கிராமம் என்று ஏமாந்ததில் வியப்பில்லை. ஊரை வடிவமைத்த ரேமண்ட் அன்வின் விரும்பியதும் அதுதான். சோஷலிஸ்டான அவர் தன் கூட்டாளி பாரி பார்க்கரோடு லெட்ச்வொர்த் தோட்ட நகரை வரைந்துவிட்டு இங்கே வந்தவர். அன்றைய நகராட்சி விதிகளின்படி எல்லாத் தெருவும் அகலமாக இருக்க வேண்டும். அப்படிப் போட்டால் தெருவுக்கே பணமெல்லாம் போய்விடும், வீடுகளும் ரயில் பெட்டிகள்போல வரிசை கட்டி நிற்கும். அதனால் 1906இல் நாடாளுமன்றத்தில் இந்த ஒரு புறநகருக்காகவே தனிச்சட்டம் வாங்கினார்கள். 500 அடிக்கு மிகாத முட்டுச்சந்துகளுக்கு அகல விதியிலிருந்து விலக்கு கிடைத்தது. எதிரெதிர் வீடுகளுக்கு இடையில் 50 அடி இருந்தால் போதும். தெருவில் மிச்சமான நிலம் தோட்டமாயிற்று. ஏக்கருக்குச் சராசரியாக 8 வீடுகள். எல்லை பிரிக்க மதில் கூடாது, உயிர்வேலி மட்டுமே. மாதாகோயில் மணிகூட ஒலிக்கக் கூடாது என்பது வரை அம்மையார் யோசித்திருந்தார். தெரு வளைகிறது, திருப்பத்தில் ஒரு வீட்டின் முகப்பு வந்து கண்ணை நிறுத்துகிறது, ஒரு கொத்து வீடுகள் சற்றே உள்வாங்கி ஒரு புல்வெளியைக் கைக்குள் வைத்துக்கொள்கின்றன. ரோத்தன்பர்க் போன்ற ஜெர்மானிய ஊர்களில் அன்வின் கற்றுக்கொண்ட வித்தை இது. உள்ளே மதிலே ஆகாது என்றவர்கள் ஹீத்தை நோக்கிய எல்லையில் மட்டும் கோட்டைபோல நீண்ட செங்கல் சுவர் எழுப்பினார்கள் என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஊர் எங்கே முடிகிறது என்று காட்டத்தானாம்.

காபிக் கடை விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். நடுச்சதுக்கம் பின்னாளில் புதுதில்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸின் கைவேலை. ஒரு பக்கம் புனித ஜூட் ஆலயம், எதிரே ஃப்ரீ சர்ச், நடுவே கல்வி நிலையம், அதாவது இன்று உங்கள் மகள் படிக்கும் பள்ளிக் கட்டடம். மூன்றும் கம்பீரமானவை, மூன்றும் மனிதனைத் திருத்துவதற்காக எழுந்தவை. சும்மா உட்கார்ந்து வம்பளக்க ஓர் இடமில்லை. கடைகளை டெம்பிள் ஃபார்ச்சூனில், ஊரின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். மதுக்கடை அறவே கூடாது. பகலெல்லாம் உழைத்த தச்சனின் மாலைப்பொழுதையும் அம்மையாரே தீர்மானித்துவிட்டார். லட்யன்ஸுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவருடைய ரசனை ஜன்னல் தொட்டிப் பூக்களைத் தாண்டாது என்று லட்யன்ஸ் ஒரு கடிதத்தில் கேலி செய்திருக்கிறார். ஆனால் அந்தச் சதுக்கத்தில் காற்றடிக்கும் நாளில் நின்றால், இரண்டு ஜன்னல் தொட்டிகள் இருந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றும்.

உங்கள் கேள்வியின் முள் வாடகையில் இருக்கிறது. தொழிலாளிகளுக்கான வீடுகள் வடமேற்குப் பகுதியில் உண்மையாகவே கட்டப்பட்டன. தெற்கே பெரிய வீடுகளின் மனைவாடகை, அதாவது நிலத்துக்கான வாடகை அதிகம், இங்கே குறைவு. வீடுகளைக் கட்டியவை கூட்டுப்பங்குச் சங்கங்கள். குடியிருப்பவரும் பங்கு வாங்குவார், வெளி முதலீட்டாளருக்கு 5 சதவீதத்துக்கு மேல் லாபம் கிடையாது, மிச்சம் குடியிருப்பவர் கணக்கில் சேரும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் கைத்தொழிலாளர், எழுத்தர், ஆசிரியர் வரைக்கும்தான் எட்டியது. வைட்சேப்பலின் அன்றாடக் கூலிக்காரர் வரவே முடியவில்லை. காலப்போக்கில் சங்கங்களின் வீடுகள் சந்தைக்கு வந்தன. பக்கத்தில் ரயில், எதிரே ஹீத், ஏக்கருக்கு 8 வீடுகள். விலை ஏறாமல் என்ன செய்யும்?

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 1967இல் வந்த குத்தகைச் சீர்திருத்தச் சட்டம், நீண்டகாலக் குத்தகையில் வீடு வைத்திருந்தவர்கள் நிலத்தையும் வாங்கிக்கொள்ள வழி திறந்தது. கூடவே, இத்தகைய குடியிருப்புகளின் தோற்றத்தைக் காக்க மேலாண்மைத் திட்டம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. 1974இல் இந்தப் புறநகருக்கு அப்படி ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றும் அங்கே வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றவோ, மரத்தை வெட்டவோ, முன்தோட்டத்தில் கார் நிறுத்தத் தளம் போடவோ புறநகரைக் கவனிக்கும் அறக்கட்டளையின் அனுமதி வேண்டும். அந்த வீட்டில் யார் குடியிருக்கலாம், என்ன வாடகைக்கு என்று கேட்க யாருமில்லை. அம்மையார் கேட்ட இரண்டில் ஒன்றுக்கு மட்டும் காவல் போட்டார்கள். அந்தக் காவலால் ஊர் மேலும் அழகாகவே நீடித்தது, அழகால் விலை மேலும் ஏறியது.

அன்வின் அங்கேயே நின்றுவிடவில்லை. தொழிலாளர் வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி 1918இல் வெளிவந்த டியூடர் வால்டர்ஸ் அரசுக் குழு அறிக்கையில் அவர் கை பலமாக இருந்தது. நகரத்தில் ஏக்கருக்கு 12 வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தோட்டம், முட்டுச்சந்துகள். அடுத்த ஆண்டு வந்த வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் நகராட்சிகள் அந்த அளவுகளை வைத்துக்கொண்டுதான் வாடகை வீடுகளைக் கட்டின. நேரம் கிடைத்தால் கிழக்கே டேகன்ஹம் பக்கம் பெகன்ட்ரிக்குப் போய்ப் பாருங்கள். 1921 முதல் லண்டன் கவுண்டி கவுன்சில் எழுப்பிய குடியிருப்பு, 25,000 வீடுகளுக்கு மேல். வேலைப்பாடு குறைவு, கூரைகள் எளிமை, அங்கும் பரம ஏழைக்கு வாடகை எட்டவில்லை. ஆனால் ஹாம்ப்ஸ்டெட்டுக்குள் நுழைய முடியாத ஆயிரக்கணக்கான தொழிலாளிக் குடும்பங்கள் கிழக்கு லண்டனிலிருந்து அங்கே குடிவந்தன. உயிர்வேலியை ஒழுங்காக வெட்டி வைக்க வேண்டும் என்ற விதியும் கூடவே வந்திருந்தது.