அம்மாவின் மருந்துகளைக் குப்பையில் போடலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவின் ஸ்காபரோவில் எங்களுடன் வசிக்கும் அம்மாவுக்கு வயது 71. இருதயத் துடிப்புச் சீராக இல்லாததால் வார்ஃபரினும், நீரிழிவுக்குக் கிளிக்லசைடும் எடுக்கிறார். கூடவே காலையில் இலைக்கஞ்சி, வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு, ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பெயரில்லாத ஒரு சூரணம். "டாக்டரிடம் சொல்லிவிடாதே பிள்ளை, ஏசுவார்" என்கிறார். எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போட்டுவிடாதீர்கள். அம்மாவின் மனம் நோகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வார்ஃபரின், வைட்டமின் கே வேலை செய்யவிடாமல் தடுத்துத்தான் இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. இலைவகைகளில் அந்த வைட்டமின் நிறைய உண்டு. அம்மா நெடுநாளாக இலைக்கஞ்சி குடித்து வருகிறார் என்றால், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அளவில் அந்தக் கஞ்சியும் சேர்ந்தே இருக்கிறது. டாக்டருக்குத்தான் அது தெரியாது. நாளைக்கே கஞ்சியை நிறுத்தினால் அதே மாத்திரை அவருக்கு அதிகமாகி, உடலுக்குள் இரத்தம் கசியக்கூடும். அதனால் கஞ்சி தொடரட்டும், தினமும் ஏறக்குறைய ஒரே அளவில். கூட்டுவதோ குறைப்பதோ டாக்டரிடம் சொன்ன பிறகு.

பாகற்காய்ச் சாற்றை இப்போதைக்கு நிறுத்துங்கள். அதுவும் சர்க்கரையைக் குறைக்கும், கிளிக்லசைடும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை மட்டுமீறி இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால் உடனே பழச்சாறோ சீனித்தண்ணீரோ கொடுங்கள். பாகற்காய்க் கறி சோற்றுடன் சாப்பிடுவதில் பயமில்லை.

எனக்கு உண்மையான கவலை அந்தச் சூரணம்தான். அதை அம்மா இனித் தொடவேண்டாம். பாஸ்டன் நகரப் பகுதியின் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. அவற்றில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அவையாவது பெயர் ஒட்டிக் கடையில் விற்றவை. உங்கள் வீட்டுப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது, யார் இடித்தார்கள் என்று கேட்க ஆளே இல்லை. ஊரில் பரியாரியார் நாடி பார்த்து, சாப்பாடு கேட்டு, பத்தியம் சொல்லித்தான் மருந்து கொடுப்பார். ஆளைப் பார்க்காமல் பெட்டியில் வந்து சேரும் பொடியை அவரே ஒப்புக்கொள்ளமாட்டார். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் நம்பும் வைத்திய முறையின் நியாயம் அவருக்கு விளங்கும். கனடாவில் உரிமம் பெற்ற இயற்கை மருந்துகளின் மேலுறையில் என்பிஎன் என்ற எட்டு இலக்க எண் இருக்கும். அது இல்லாததை வாங்கவேண்டாம்.

அடுத்து, உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் முன்னால் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். சங்கடமானதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லும் பழக்கம் பிள்ளைகளுக்கு எளிதில் வந்துவிடும். இந்த முறை ஒன்றையும் விடாதீர்கள். மாத்திரைகள், பொட்டலம், கஞ்சிக்குப் போடும் இலைகளின் பெயர்கள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். "வேறு ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம். உடலில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். டாக்டர் ஏசினால், அம்மா மறைக்காமல் சொல்ல வந்திருக்கிறார், அதற்கு மதிப்புக் கொடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் இருக்கும் மருந்தாளருக்கும் இதே பையைக் காட்டலாம். எந்த மருந்து எதனுடன் மோதும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

வார்ஃபரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஈறில் இரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, அம்மா விழுந்து தலையில் அடிபட்டாலோ, டாக்டரைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அந்தப் பையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.