இரவு வேலைக்காரருக்கு மாரத்தான்: வாரத்தை விட்டுவிட்டு ஆறு நாளாகக் கணக்கிடுங்கள்

கேள்வி: வயது 43. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர இரவு வேலை. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 21 கிலோமீட்டர் இருமுறை ஓடியுள்ளேன். ஐந்து மாதத்தில் பினாங்குப் பாலத்தில் முழு மாரத்தான் ஓட நேரம் போதுமா? பதிவு முடிந்துவிட்டது, ஒருவர் பத்து வாரப் பயிற்சியோடு பவுடர் டப்பாவையும், வேறொருவர் பெயரில் உள்ள பிப்பையும் (சட்டையில் குத்தும் ஓட்ட எண் அட்டை) 600 ரிங்கிட்டுக்குத் தருகிறேன் என்கிறார்.

பதில்: நேரம் போதும். விற்பனைக்கு வரும் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை வார இறுதியில் ஓய்வு உள்ளவருக்காக எழுதப்பட்டவை என்பதால் உங்களுக்கு அவை பொருந்தா. உங்கள் சுற்று ஆறு நாள். வேலை நாள்களில் இரண்டில், வேலைக்குப் போகுமுன், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 நிமிடம் ஓடுங்கள். ஓய்வின் முதல் நாள் தூக்கத்துக்கு மட்டும். இரண்டாம் நாள் விடியுமுன் நீண்ட ஓட்டம். அதைச் சுற்றுக்கு இரண்டு கிலோமீட்டராகக் கூட்டி, ஒவ்வொரு நான்காவது சுற்றிலும் குறைத்து, 30 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைக்க வேண்டும். பாலத்தின் நடுவே கப்பல் போக ஏற்றம் இருப்பதால், கர்னி கடற்கரையின் சமதளத்தில் மட்டும் ஓடிப் பழகாமல் அவ்வப்போது தண்ணீர்மலைப் பக்கமும் போங்கள். பினாங்குப் பால மாரத்தான் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். பிறர் தூக்கத்தோடு போராடும் அந்நேரத்தில் விழித்திருப்பது உங்கள் உடலுக்குப் பழகிய ஒன்று.

மாத்திரைதான் என் கவலை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் சிக்கலில்லை. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ இன்சுலினோ என்றால் கதை வேறு: நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை திடீரென இறங்கலாம், ஓடும்போது சரியாக இருந்து, பல மணி நேரம் கழித்து, களைத்து உறங்கும்போதும் இறங்கலாம். பகலில் தூங்குபவரை வீட்டார் 'அசதி' என்று எழுப்பாமல் விட்டுவிடுவார்கள் என்பதால் உங்களுக்கு இது கூடுதல் ஆபத்து. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஓடும் நாளுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சர்க்கரையைச் சோதியுங்கள், இடுப்புப் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள், எப்போது எழுப்ப வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுங்கள்.

இப்போது அந்த 600 ரிங்கிட். தயவுசெய்து கொடுக்காதீர்கள். பிப் என்பது நெஞ்சில் குத்தும் வெறும் எண் அல்ல. நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் கூடாரத்தில் அந்த எண்ணை வைத்துத்தான் நீங்கள் யார், யாரை அழைப்பது என்று தேடுவார்கள். வேறொருவர் பெயர் இருந்தால், இனிப்புநீர் இல்லாத ஓர் அந்நியரின் விவரம் வரும். தொலைபேசி மணி அவர் வீட்டில் அடிக்கும். இதை அறிந்தும் பிப் விற்கும் தரகர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஓட முடியாமல் போனவர் தம் இடத்தை இன்னொருவருக்கு முறையாகப் பெயர் மாற்றித் தர எளிய வழி வைக்காமல், தரகருக்கு இடம்விட்டுத் தரும் ஏற்பாட்டாளர்கள் மீதும் அதே கோபம் உண்டு. பத்து வாரத்தில் தயார் செய்கிறேன் என்று பவுடர் டப்பாவையும் சேர்த்து விற்பவர், முதலில் உங்கள் மாத்திரையின் பெயரைக் கேட்டாரா?

இம்முறை இடம் கிடைக்காவிட்டால், சொந்தப் பெயரில் பதிய முடிகிற வேறொரு மாரத்தானைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன பயிற்சி வீணாகாது. அடுத்த கடிதத்தில் மாத்திரையின் பெயரையும் அளவையும், கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் எழுதுங்கள்.