மார்பகக் குறைப்பு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

முதுகுவலி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதை எழுதத் துணிவு வந்தது. பதில் எழுதினால் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு 31 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு மார்பு பெரிது. தோளில் பிரா பட்டை பதிந்த இடம் இரண்டு பக்கமும் பள்ளமாகிவிட்டது. வியர்க்க ஆரம்பித்தால் மார்புக்கு அடியில் சிவந்து, அரித்து, புண்ணாகிவிடும். எனக்கு ஓடப் பிடிக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிரா போட்டு ஓடிப் பார்த்தேன், மூச்சு முட்டியது, விட்டுவிட்டேன். கழுத்துவலிக்கு பிசியோதெரபி போனேன். எடையைக் குறைத்தால் சரியாகும் என்றார்கள். 9 கிலோ குறைத்தேன். கன்னம் ஒட்டிப்போனது, இடுப்பு குறைந்தது, மார்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

இப்போது டாக்டர் மார்பகக் குறைப்பு ஆபரேஷன் பற்றி யோசிக்கச் சொல்கிறார். அம்மா, “நல்லா இருக்கிற உடம்பை யாராவது வெட்டிக்குவாங்களா?” என்கிறார். நெருங்கிய தோழி, “உன் உடம்பை நீ ஏத்துக்கணும், அதுதான் முதல் வைத்தியம்” என்கிறாள். கணவர் “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கே ஒரு உறுத்தல் இருக்கிறது. வலிக்காகத்தான் செய்யப்போகிறேனா, என் முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்த்துப் பேசுகிறவர்களிடமிருந்து தப்பிக்கவா? இரண்டாவதுதான் காரணம் என்றால் அது வெறும் அழகு ஆசைதானே? எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. மற்ற பெண்கள் எதற்காக இதைச் செய்துகொள்கிறார்கள், செய்தால் என்ன நடக்கும் என்று நேராகச் சொல்லுங்கள்.

உங்கள் வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் உறுத்தலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வலிக்காகச் செய்தால் நியாயம், பார்வைகளுக்காகச் செய்தால் ஆடம்பரம் என்ற கணக்கை நீங்கள் போடவில்லை, மற்றவர்கள் போட்டதை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பல்லை வரிசைப்படுத்திக்கொள்கிறவரிடம் யாரும் இந்த வாக்குமூலத்தைக் கேட்பதில்லை. மார்பு விஷயத்தில் மட்டும் ஒரு பெண் தான் துன்பப்பட்டதற்கு அத்தாட்சி காட்ட வேண்டியிருக்கிறது.

அத்தாட்சிக்கென்று ஒரு அட்டவணையே உண்டு. ஷ்னர் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1991இல் வெளியிட்டது. உடலின் மேற்பரப்பளவு இவ்வளவு என்றால் இத்தனை கிராமுக்கு மேல் எடுத்தால்தான் மருத்துவத் தேவை, குறைந்தால் அழகுக்காக என்று அதை வைத்துக் காப்பீட்டு நிறுவனங்கள் கோடு கிழித்தன. ஆனால் 2002இல் அதே அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்லின. எத்தனை கிராம் எடுத்தார்கள் என்பதை வைத்துத் தேவையை அளப்பது சரியில்லை, அந்தப் பெண்ணுக்கு என்னென்ன தொந்தரவுகள் இருந்தன என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்றன. எடைக்குறைப்பு, விசேஷ பிரா, பிசியோதெரபி எதுவும் நிரந்தர நிம்மதி தரவில்லை, ஆபரேஷன் தந்தது என்பதையும் அவையே பதிவுசெய்தன. ஆகவே நீங்கள் முயற்சி போதாமல் தோற்றுவிட்டதாக நினைக்கவேண்டாம்.

9 கிலோ ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் எளிய காரணம் இருக்கிறது. மார்பகத்துக்குள் தசை கிடையாது. சுரப்பித் திசு, கொழுப்பு, இவற்றைத் தாங்கும் இழைகள், மேலே தோல், அவ்வளவுதான். உடற்பயிற்சி அடியிலுள்ள மார்புத் தசையைத்தான் வலுவாக்கும். எடை குறைந்தால் கொழுப்பு கரையும், சுரப்பித் திசு கரையாது. இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

பெண்கள் ஏன் செய்துகொள்கிறார்கள் என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதையே நிறையப் பேர் சொல்கிறார்கள். முன்பக்கச் சுமை தோள்களை முன்னால் இழுக்க, பின்கழுத்துத் தசைகள் நாள் முழுக்க எதிர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சாயங்காலம் வரும் தலைவலிக்குப் பலருக்கு அதுதான் காரணம். பட்டை அழுத்தி அழுத்திச் சிலருக்குச் சுண்டுவிரல் மரத்துப்போகும். அடிமடிப்பில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். குப்புறப் படுக்க முடியாது.

இவற்றோடு டாக்டரிடம் சொல்லாத காரணங்களும் இருக்கின்றன. சட்டையில் இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஊக்கு குத்துவது. புகைப்படத்தில் எப்போதும் யாருக்காவது பின்னால் நிற்பது. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்த பெண், நாற்பது வயதில் கையில் எதுவும் இல்லாதபோதும் அதே கூனலோடு நடப்பாள். அந்தக் கூனலில் எத்தனை பங்கு எடையால், எத்தனை பங்கு வெட்கத்தால் என்று எந்த எக்ஸ்ரேயும் பிரித்துச் சொல்லாது. நீங்களும் பிரித்துக்கொண்டிருக்கவேண்டாம்.

உங்கள் தோழி நல்ல மனதோடுதான் சொல்கிறார். இருந்தாலும் ‘ஏற்றுக்கொள்’ என்ற அறிவுரை எனக்கு இப்போதெல்லாம் அலுப்பூட்டுகிறது. தோளில் பள்ளம் விழுந்தவளிடம் அதைச் சொல்வதற்கு அந்தப் பள்ளம் இல்லாதவர்களுக்குத்தான் வாய் வருகிறது. அம்மாவின் பயம் வேறு. அவருக்குக் கத்தியைக் கண்டு பயம். அது நியாயமான பயம், விவரம் சொன்னால் கொஞ்சம் தணியும்.

எனக்கு இதில் தெரிந்ததெல்லாம் தோழி ஒருத்திக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்த்ததும், அதையொட்டிப் படித்ததும்தான். ஆபரேஷன் காலையில் டாக்டர் அவளை நிற்கவைத்து மை பேனாவால் கோடு போட்டார். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், ஆகவே நின்றபடிதான் வரையவேண்டுமாம். கழுத்துக் குழியிலிருந்து காம்புவரை டேப் வைத்து அளந்தார். பின்னால் இரண்டடி போய் நின்று பார்த்தார். இடது பக்கக் கோடு ஒன்றைப் பஞ்சால் அழித்துவிட்டு மறுபடி போட்டார். தையற்காரர் முன்னால் நிற்பதுபோல அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

முழு மயக்கத்தில் செய்வார்கள், பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் ஆகும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரமாக ஒரு வெட்டு, அங்கிருந்து நேராகக் கீழே ஒன்று, மார்பு மிகப் பெரிதாக இருந்தால் அடிமடிப்பு நெடுக இன்னொன்று. அதிகப்படியான திசுவையும் தோலையும் எடுத்துவிட்டு, மீதியை உருவமாக்கித் தைப்பார்கள். காம்பைத் தனியாக வெட்டி ஒட்டுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் ஒரு திசுத் தண்டோடு காம்பைச் சேர்த்தே மேலே நகர்த்துகிறார்கள். மிக அதிகமாக எடுக்கவேண்டியவர்களுக்கு மட்டும் சில சமயம் காம்பை முழுதாகப் பிரித்துத் தோலொட்டாக வைப்பதுண்டு. அப்படிச் செய்தால் உணர்ச்சியும் தாய்ப்பால் வாய்ப்பும் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளவேண்டும். உங்களுக்கு எந்த முறை என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். எடுத்த திசுவை எடை போட்டுப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். அரிதாக, அதுவரை தெரியாத புற்றுநோய் அதில் தெரியவந்திருக்கிறது.

தாய்ப்பால் பற்றி யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. காம்புக்குப் பின்னாலிருக்கும் சுரப்பித் திசு மார்புச் சுவர்வரை அறுபடாமல் இருந்தால் வாய்ப்பு அதிகம். பலர் பால் கொடுத்திருக்கிறார்கள், சிலருக்குப் போதாமல் புட்டிப்பாலும் சேர்க்கவேண்டியிருந்தது. தவிர, கர்ப்பத்தில் மார்பு மறுபடி பெருத்து வடிவம் மாறலாம். அடுத்த ஓரிரு வருடத்தில் குழந்தை என்ற திட்டம் இருந்து, பால் கொடுப்பது உங்களுக்கு மிக முக்கியம் என்றால் காத்திருப்பதில் அர்த்தமிருக்கிறது. திட்டமே இல்லாமல், என்றோ வரப்போகும் குழந்தைக்காக இன்றைய வலியைச் சுமக்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

விழித்ததும் காயம் வலிக்கும், ஆனால் பழைய தோள்பாரம் அன்றைக்கே குறைந்துவிட்டதாகப் பலர் சொல்கிறார்கள். முதல் சில நாள் வீக்கமும் கன்றிப்போன நீலமும் இருக்கும். சிலருக்கு நீர் வடியக் குழாய் வைப்பார்கள். மல்லாந்துதான் தூங்கவேண்டும். சர்ஜிக்கல் பிராவை இரவும் பகலும் சில வாரங்கள் போட்டிருக்கவேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். பாரம் தூக்க, ஓட, 4 முதல் 6 வாரம் பொறுக்கவேண்டும். நடுநடுவே மின்சாரம் பட்டதுபோலச் சுருக்கென்று குத்தும். நரம்புகள் மீள்கின்றன என்று அர்த்தம், பயப்படவேண்டாம்.

தழும்பு விஷயத்தில் ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். அது நிச்சயம் இருக்கும். மாதக்கணக்கில் சிவந்தோ கருத்தோ தடித்தோ இருந்து, மங்க ஒரு வருடத்துக்கு மேலாகும். நம்மைப்போல நிறமுள்ள தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பும், காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளரும் கெலாய்டு என்ற தழும்பு வரும் வாய்ப்பும் கூடுதல். முன்பு எந்தக் காயத்திலாவது அப்படி ஆகியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நேர்வெட்டும் அடிவெட்டும் சந்திக்கும் முனையில் தையல் லேசாகப் பிரிவது அடிக்கடி நடப்பதுதான், பெரும்பாலும் கட்டு மாற்றி மாற்றியே ஆறிவிடும். ரத்தக்கட்டு, தொற்று, காம்பில் மரமரப்பு, இரண்டு பக்கமும் சிறிது வித்தியாசப்படுவது, இவையும் நடக்கக்கூடியவை. காம்புக்கு ரத்தம் போகாமல் கருகுவது அரிது, ஆனால் நடக்காது என்றில்லை. புகைப்பவர்களுக்குக் காயம் ஆறாமல் போவது, தொற்று, காம்பு கருகுவது போன்ற ஆபத்துகள் கூடுதல். அதனால்தான் குறைந்தது 4 வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் ஆடுசதை வலித்து வீங்கினாலோ காலைவரை காத்திருக்காதீர்கள்.

என் தோழி கட்டு மாற்றிய நாளில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழுதாள். சந்தோஷமா, துக்கமா என்று கேட்டதற்கு, “தெரியலைடி, யாரோ மாதிரி இருக்கேன்” என்றாள். அது இயல்புதான். அந்த நேரத்து வடிவமும் இறுதியானதல்ல. மேல்பக்கம் உப்பி, கீழே சப்பையாக இருக்கும், நிலைகொள்ள சில மாதம் பிடிக்கும். அதுவரை புது பிரா எதுவும் வாங்கிக் குவிக்காதீர்கள். இன்ன கப் அளவு வரும் என்று ஒரு டாக்டர் அடித்துச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எடை மறுபடி ஏறினால் மார்பும் ஏறும், அதையும் நினைவில் வையுங்கள்.

யாருக்கு நான் வேண்டாம் என்பேன்? இன்னும் மார்பு வளர்ந்துகொண்டிருக்கும் சின்னப் பெண்ணுக்கு. பால் கொடுப்பதை இப்போதுதான் நிறுத்தியவளுக்கு. வேறொருவர் விருப்பத்துக்காகச் செய்துகொள்கிறவளுக்கு. உங்கள் கடிதத்தில் இதில் எதுவும் தெரியவில்லை. இரண்டு சர்ஜன்களைப் பாருங்கள். அவர்களே ஆபரேஷன் செய்த பெண்களின் படங்களை, உங்கள் உடல்வாகு உள்ளவர்களின் படங்களாகக் கேளுங்கள். நன்றாக வந்தவற்றை மட்டும் காட்டுகிறவரிடம், சரியாக ஆறாதவர்கள் உண்டா, அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

கணவர் விஷயம். முதல் இரண்டு வாரம் உங்களால் கையைத் தலைக்குமேல் தூக்கித் தலை வாரக்கூட முடியாது, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அவரிடம் இனிக் கருத்துக் கேட்காதீர்கள், லீவு கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தினால் என்றால் போட்டுவிடுவார். இல்லையென்றால் அம்மாவையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். திட்டிக்கொண்டே வந்து நிற்பார்.

அன்புடன்,
அக்கா