மலைநாட்டு இஸ்ரவேலர்: சமூகவியல் கேள்வி பதில்

சார், மூவாயிரம் வருஷத்துக்கு முன் வாழ்ந்த இஸ்ரவேலரிடம் சமூகவியல் ஆய்வு எப்படி? யாரைப் பேட்டி எடுப்பீர்கள்?

பேட்டிக்கு வழியில்லை, வீட்டைப் பார்க்கலாம். கி.மு. 1200ஐ ஒட்டிக் கானானின் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) மலைப்பகுதியில் சின்னச் சின்ன ஊர்கள் நூற்றுக்கணக்கில் முளைக்கின்றன. ரமல்லா அருகே ரத்தானா என்ற இடத்தில் தூண் வைத்த வீடுகள் இரண்டு மூன்றாகப் பொது முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. தனிக்குடித்தனமாக இருந்தாலும் கூப்பிடு தூரத்தில் பங்காளிகள். தொல்லியலாளர் லாரன்ஸ் ஸ்டேகர் 1985இல் இதை பைபிளின் நியாயாதிபதிகள் புத்தகம் 17, 18ஆம் அதிகாரங்களில் வரும் மீகாவின் வீட்டோடு பொருத்தினார். அங்கே தாய், மகன்கள், சம்பளத்துக்குப் பூசாரியாக வைத்த லேவியன், மீகாவுக்காகத் திரண்டு ஓடிவரும் அக்கம்பக்க வீட்டார் எல்லாரும் இருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை அது.

இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா படையெடுத்துக் கானானைப் பிடித்தார் என்றுதானே பைபிள் சொல்கிறது? இஸ்ரவேலர் உருவானது விவசாயிகள் புரட்சியால் என்கிறார்களே?

அந்தப் புரட்சிக் கருத்தை 1962இல் கிளப்பியவர் பைபிள் அறிஞர் ஜார்ஜ் மெண்டன்ஹால். 1979இல் நார்மன் காட்வால்ட் மார்க்சியப் பார்வையில் விரித்தெழுதினார். நகர மன்னர்களின் வரியும் கட்டாய வேலையும் தாங்காத குடியானவர்கள் பிரிந்துபோய்ப் புதுச் சமூகம் அமைத்தார்கள் என்பது வாதம். கானானியச் சிற்றரசர்கள் எகிப்துக்கு அனுப்பிய அமர்னா கடிதங்களில் ‘அபிரு’ என்ற அடங்காத கூட்டத்தைப் பற்றிப் புலம்பல் நிறைய. ஆனால் அவை கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மலை ஊர்கள் பெருகியது அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து! பானை வகைகள் கானானியத் தொடர்ச்சியைக் காட்டுவதால் உள்ளூர்க்காரர்கள் பலர் என்பது சரி. புரட்சி நடந்ததற்குத்தான் மண்ணில் தடயம் இல்லை. மேய்ச்சல்காரர்கள் நிலைகொண்டார்கள் என்ற தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைனின் விளக்கம் எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது.

பைபிள் பன்றி இறைச்சியை விலக்குகிறதே, பன்றி எலும்பு கிடைக்காவிட்டால் அது இஸ்ரவேலர் ஊர்தானே?

அவசரப்படாதீர்கள். கடலோரச் சமவெளியில் இருந்த பெலிஸ்தரின் எக்ரோன், அஸ்கலோன் நகரங்களில் பன்றி எலும்பு ஏராளம், மலையில் அரிது. உண்மைதான். ஆனால் பெலிஸ்தரின் சிறு கிராமங்களிலும் குறைவு. வடக்கு இஸ்ரவேலின் சில ஊர்களிலோ கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பன்றி உண்டு. தண்ணீர் வசதி, ஊரின் அளவு எல்லாம் பார்க்காமல் எலும்பை வைத்து இனம் பிரிக்க முடியாது.

அன்றைய ஜனத்தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அண்ணா?

ஊரின் பரப்பை ஹெக்டேருக்கு 200 முதல் 250 பேர் என்று பெருக்குவது வழக்கம். பிற்கால மரபுவழி ஊர்களை ஒப்பிட்டு எடுத்த விகிதம் அது. ஆட்டுக்கொட்டகையும் பரப்பில் சேர்ந்துவிடும் என்பதால், வரும் தொகையைச் சென்சஸ் மாதிரி நம்பாதீர்கள்.