வாசகர் கேள்வி – பதில்: முழங்கை வலியும் ட்ரௌட் ஆறும்

கேள்வி: ஐயா, கனடாவின் கால்கரியில் வசிக்கும் எனக்கு வயது 67. நகரின் ஊடாக ஓடும் போ (Bow) ஆற்றில் ட்ரௌட் மீனுக்காக ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போலச் செய்த பொய் ஈயைத் தூண்டிலில் கட்டி வீசி மீன்பிடித்தல்) செய்வதே ஓய்வுக்காலத்தில் எனக்குள்ள ஒரே பொழுதுபோக்கு. சில மாதங்களாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலே சுரீரென்கிறது. போன இலையுதிர்காலத்தில் ஆற்றில் வழுக்கி விழுந்து முழங்காலிலும் அடிபட்டது. தூண்டிலைக் கட்டி வைத்துவிடுங்கள் என்கிறார்கள் பிள்ளைகள். என்ன செய்யலாம்?

பதில்: கட்டி வைக்க வேண்டியதில்லை, ஆனால் வீசும் முறையையும் நிற்கும் இடத்தையும் மாற்றியாக வேண்டும்.

நீங்கள் சொல்வது ‘டென்னிஸ் எல்போ’வாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளை முழங்கை எலும்போடு பிணைக்கும் தசைநார், ஓயாத இறுக்கத்தால் நைந்துபோவதே அந்த நோய். ஃப்ளை ஃபிஷிங்கில் ஈயக் குண்டு கிடையாது. லைனின் (தூண்டில் கயிற்றின்) கனத்தைக் கொண்டே பொய் ஈயை எறிய வேண்டியிருப்பதால், கைப்பிடியை இறுகப் பற்றி மணிக்கட்டைச் சுண்டும் பழக்கம் பலருக்கும் தொற்றிக்கொள்கிறது. ட்ரௌட்டுக்கான ஒன்பது அடி ராட் (தூண்டில் கோல்) 100 கிராமை ஒட்டியே இருக்கும் என்பதால், குற்றவாளி அதன் எடையன்று. பிடியின் இறுக்கமும், ஈ தண்ணீரில் இறங்குமுன் லைனைக் காற்றில் முன்னும் பின்னும் ஆட்டும் ‘ஃபால்ஸ் காஸ்ட்’டுகளுமே.

ஆகவே முழங்கையை விலாவுக்கு அருகே வைத்து, மணிக்கட்டை மடக்காமல் முன்கையால் வீசுங்கள். ராட் நிற்கவேண்டிய நொடியில் மட்டும் பிடியை இறுக்கி, உடனே தளர்த்துங்கள். லைனைப் பின்னால் எறியாமல், நீரிலிருந்தே சுருட்டி விரிக்கும் ‘ரோல் காஸ்ட்’ உங்களுக்கு மிகவும் ஏற்றது. ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் உருவான இருகை வீச்சைப் பழகினால் சுமை இரு கைகளுக்கும் பகிர்ந்துபோகும். இப்போது ட்ரௌட்டுக்கென்றே இலகுவான இருகை ராட்கள் விற்கின்றன. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணித்தாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியே மேல் என்பது என் கருத்து. முறையாக வீசினால் இது உடலைக் கெடுக்கும் வேலையும் அன்று: 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘காஸ்டிங் ஃபார் ரிகவரி’ அமைப்பு, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களின் தோளும் கையும் இளகட்டும் என்றே இதைக் கற்றுத்தருகிறது.

ஆற்றில் இறங்கும் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பிள்ளைகள் பக்கம். மலைப்பனி உருகிப் பெருக்கெடுக்கும் ஜூன் மாதத்தில் ஆற்றுக்குள் காலே வைக்காதீர்கள். மற்ற நாள்களிலும் முழங்கால் ஆழத்தோடு நின்றுகொள்ளுங்கள். வேடர்ஸுக்கு (நீர் புகாத நீள உடைக்கு) மேல் இடுப்புப் பட்டையைக் கட்டி, ஊன்றுகோலை நீரோட்டம் வரும் பக்கம் ஊன்றி, ஒரு கால் நிலைத்த பின்பே மறுகாலை நகர்த்துங்கள். இடுப்பளவு நீரில் நின்று அறுபதடி எறிவது பார்க்க அழகுதான். ஆனால் பெரிய ப்ரௌன் ட்ரௌட் பல வேளைகளில் கரையோரத்திலேயே, முப்பதடிக்குள் கிடக்கும். நடுவாற்றை விட மனமில்லையென்றால், போ ஆற்றில் வழிகாட்டியே துடுப்பு வலிக்கும் டிரிஃப்ட் படகுகள் கிடைக்கின்றன, உட்கார்ந்தபடியே வீசலாம்.

கேள்வி: நியூசிலாந்திலிருந்து எழுதுகிறேன், வயது 71. பைஃபோகல் கண்ணாடி போட்டும் 18, 20 எண் கொண்ட மிகச் சிறிய பொய் ஈக்களில் முடிச்சுப் போட முடியவில்லை. பாறைகளில் காலும் வழுக்குகிறது.

பதில்: பைஃபோகலோடு ஆற்றில் நடக்காதீர்கள்; கீழே குனிந்தால் வாசிப்பு வில்லையின் வழியே ஆற்றுப் படுகை மங்கலாகத் தெரியும், கால் தவறும். நடப்பதற்குத் தூரப்பார்வை மட்டும் கொண்ட போலரைஸ்டு கண்ணாடியும், முடிச்சுக்குத் தொப்பி விளிம்பில் மாட்டும் உருப்பெருக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விளக்கடியிலேயே நாலைந்து ஈக்களை மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டி எடுத்துச் சென்றால், ஆற்றங்கரையில் சற்றுப் பருமனான நரம்போடு நரம்பை முடிந்தால் போதும். டிடிமோ பாசி பரவுவதைத் தடுக்க உங்கள் நாட்டில் 2008 முதல் கம்பளி போன்ற ஃபெல்ட் அடிப்பாகக் காலணிக்குத் தடை இருப்பதால், உலோக ஆணி பதித்த ரப்பர் அடிப்பாகத்தை வாங்குங்கள். வெறும் ரப்பர் பாசிப்பாறையில் நிற்காது.