மறுமொழி: ஹைலைட் கலரு வரி முடிவுலயே நின்னுடுது

பாஸ், இமேக்ஸ் (டெக்ஸ்ட் எடிட்டர்) 26லேர்ந்து 27க்கு மாத்துனதும் நீங்களே செஞ்ச ஹைலைட் கலரு எழுத்து முடியிற எடத்துலயே நின்னுடுது, விண்டோ ஓரம் வரைக்கும் போகலன்னு கேட்டிருந்தீங்க, அது பக் இல்ல லா, 2020ல வந்த 27ல வேணும்னேதான் மாத்துனாங்க. இப்ப ஒவ்வொரு ஃபேஸுக்கும் (எழுத்தோட கலரு, ஸ்டைலு செட்) ‘எக்ஸ்டெண்ட்’னு ஒரு செட்டிங் இருக்கு, சொந்த ஃபேஸுக்கு சும்மா விட்டா ஆஃப்தான். அதுக்கு ‘டீ’ன்னு (t) ஒரே இங்கிலீஷ் எழுத்து போடுங்க (குடிக்கிற தே தாரிக் இல்ல).

அப்பவும் ஆவலன்னா ஓவர்லே (டெக்ஸ்ட்ல நீங்க ஃபேஸ் போட்ட பகுதி) எங்க முடியுதுன்னு பாருங்க. வரி கடைசில கண்ணுக்குத் தெரியாத நியூலைன் (வரிய முடிக்கிற எழுத்து) இருக்கில்ல, அதுமேல என்ன ஃபேஸோ அதுதான் ஓரம் வரைக்கும் போகும், ஓவர்லே அதுக்கு முன்னாடியே முடிஞ்சா எக்ஸ்டெண்ட் போட்டும் வேஸ்ட்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில ரெண்டு மணி நேரம் மண்டைய ஒடச்சேன், கடைசில பார்த்தா ஓவர்லே முடிவு பொசிஷன்ல ஒன்னு கூட்டணும், அவ்ளோதான்.