மெக்கின்டாஷ் சிறந்த கட்டடக் கலைஞரா, நாற்காலி வடிவமைப்பாளர் மட்டும்தானா?

உயரமான முதுகுச் சாய்மானம் கொண்ட, மெக்கின்டாஷ் வடிவமைத்த நாற்காலியின் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. கட்டடக்கலை மாணவனாக இருந்த காலத்தில் எனக்கும் அது இருந்தது. அவர் வடிவமைத்த ‘ஹில் ஹவுஸ்’ வீட்டின் வரைபடங்களை ஊன்றிப் படித்த பிறகே நீங்கியது.

சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் 1868இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அந்நகரின் கலைப்பள்ளிக் கட்டடம் 1897 முதல் 1909 வரை இரு கட்டங்களாக அவரது வடிவமைப்பில் எழுந்தது. 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த தீவிபத்துகளில் அது பெரிதும் அழிந்துவிட்டது. மேலே சொன்ன நாற்காலிகளும் தனிப்பொருள்களாகப் பிறந்தவை அல்ல. கேட் கிரான்ஸ்டன் என்ற அம்மையாரின் தேநீர்க் கூடங்களில், மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களுக்குக் கூடத்தினுள்ளேயே ஒரு சிற்றறை போன்ற உணர்வைத் தந்தவை அவை.

பதிப்பாளர் வால்டர் பிளாக்கிக்காக 1902 முதல் 1904 வரை ஹெலன்ஸ்பரோவில் கட்டிய ஹில் ஹவுஸில், அறையையும் அறைக்கலனையும் ஒன்றாகவே வடிவமைக்கும் இந்த முறை முழுமை பெற்றது. அக்குடும்பத்தினர் எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டு, உள்ளறைகளின் அமைப்பை அவர்கள் ஏற்ற பின்னரே வெளித்தோற்றத்தின் வரைபடங்களை அவர் காட்டினார். வீட்டின் முகப்பை முதலில் முடிவுசெய்துவிட்டு அறைகளை அதற்குள் திணிக்கும் வழக்கத்துக்கு இது நேர்மாறானது. அறைக்கலன், விளக்கு, சுவர் அலங்காரம் என அனைத்தும் ஒரே சிந்தனையில் உருவாயின. அவற்றில் மனைவி மார்கரெட் மெக்டொனால்டின் கைவண்ணத்தைப் பிரித்துப் பார்க்க இயலாது என்பதால், அவரைக் குறிப்பிடாத எந்த மதிப்பீடும் குறையுடையதே.

ஆனால், அந்த வீட்டின் வெளிச்சுவரில் ஒரு தவறு நேர்ந்தது. ஸ்காட்லாந்தின் மரபான சுண்ணாம்புப் பூச்சு, நனைந்தாலும் உலரும் தன்மையுடையது. அதற்குப் பதிலாக அவர் நம்பிய போர்ட்லாண்ட் சிமென்ட் பூச்சோ விரிசல் கண்டு மழைநீரை உள்ளே விட்டதோடு, அது வெளியேறவும் வழியின்றித் தேக்கிவைத்தது.

1914இல் கிளாஸ்கோவை விட்டு நீங்கிய அவருக்குப் பின்னர் பெரிய பணிகள் வாய்க்கவில்லை. தென் பிரான்சில் சில ஆண்டுகள் நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். 1928இல் லண்டனில் மறைந்தார்.

ஊறிப்போன ஹில் ஹவுஸை உலரவைப்பதற்காக, 2019இல் முழு வீட்டையும் உள்ளடக்கிய, எஃகு வளையங்களாலான ஒரு பெருங்கூண்டை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை எழுப்பியது. காற்று புகும், மழையின் பெரும்பகுதி வெளியே தங்கிவிடும். அக்கூண்டின் படிகளில் ஏறிச் செல்பவர்கள், மெக்கின்டாஷ் காலத்தில் கூரை வேய்ந்தவர்கள் மட்டுமே கண்டிருக்கக்கூடிய கோணத்திலிருந்து அந்த வீட்டைப் பார்க்கிறார்கள்.